வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக் கூட்டம்

டைரக்டர் தேர்தல் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு என்று நோட்டீஸ் வந்ததுமே குமாஸ்தா சண்முகையாவுக்குச் சூது புரிந்துவிட்டது. சங்கரன்கோவிலில் இருந்த அந்த நூல் கம்பெனியின் பங்குதாரர்களில் பாதிப் பேர் கடையநல்லூர் நெசவாளிகள். அந்த நேரம் அவர்களுக்கு ஜும்ஆ தொழுகை. யாரும் வரமாட்டார்கள்.

வராதவர்கள் ஓட்டைத் தானே போட்டுக்கொள்ள, எழுபத்தொரு பிராக்ஸித் தாள்களை ஒரு வாரம் முன்பே ஆபீசில் கொடுத்துவிட்டார் டைரக்டருக்கு நிற்கும் துரைப்பாண்டி. எனக்குப் பதில் இவர் ஓட்டுப் போடட்டும் என்று ஆளாளுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களாம். எழுபத்தொன்றும் ஒரே மை, ஒரே சாய்வு. மனுஷருடைய துணிச்சலைத்தான் என்னவென்று சொல்ல.

அவர் டைரக்டரானால் கம்பெனிக் கிட்டங்கியில் அடுக்கியிருக்கும், நெசவாளிகளுக்கென்று சர்க்கார் விலை வைத்த கன்ட்ரோல் நூல் முழுக்கக் கள்ள மார்க்கெட்டுக்குப் போய்விடும். கடையநல்லூரில் தறிகள் நின்றுவிடும். சண்முகையா எழுபத்தொரு பேருக்கும் கார்டு போட்டார்: சங்கரன்கோவில் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேரே கூட்டத்துக்கு வாருங்கள், ஓட்டெடுக்கும் முன் ஆள் நேரில் வந்துவிட்டால் பிராக்ஸி செல்லாது.

கூட்டத்தன்று ஓட்டெடுக்கும் நேரம் வந்தும் ஒருவரையும் காணோம். சண்முகையா பிராக்ஸித் தாள் கட்டோடு எழுந்தார். “தாளை எல்லாம் சபையில வாசிச்ச பெறவுதான் ஓட்டு. கம்பெனி விதி.”

தலைவர் தலையாட்டினார். துரைப்பாண்டி சிரித்தார். “வாசியும் வே. சோறு ஆறுது.”

சண்முகையா தன் ஆயுளில் அவ்வளவு மெதுவாக வாசித்ததில்லை. பெயர், தகப்பனார் பெயர், தெரு, பங்கு நம்பர், “சாட்சி, துரைப்பாண்டி.” தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஐம்பது தாள் தீர்ந்தது. கார்டு போய்ச் சேரவில்லையோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டார். அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது.

“கடையநல்லூர் பீர் மைதீன்...”

“இங்கன நிக்கேன்” என்றது வாசலில் ஒரு குரல். “நான் யாருக்கும் எழுதிக் குடுக்கலியே.”

அவருக்குப் பின்னால் தெரு நிறையத் தொப்பிகள்.

துரைப்பாண்டி துள்ளி எழுந்தார். “இவருதான் பீர் மைதீன்னு யாரு கண்டா? இந்தக் குமாஸ்தா எவனையோ கூட்டிட்டு வந்திருக்கான். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை.”

சபை சண்முகையாவைப் பார்த்தது. அவர் கையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார்.

“பார்த்ததே இல்லையா அண்ணாச்சி? உங்க கண்ணு முன்னால இவரு கையெழுத்துப் போட்டாருன்னு சாட்சி போட்டிருக்கது நீங்கல்லா.”

தலைவர் கையை நீட்டினார்.

“அந்தக் கட்டை இங்கன குடும் வே. வெளிய நிக்கவங்களை உள்ள வரச் சொல்லும்.”