யாகப்பர் இருந்து காட்டிய கதிரை

"பேராசிரியர் கதிரையிலை என்ரை மகனுக்கு முதல் இருந்தவன் நான்தான்!"

கீரி ஊர்க் கோயில் மண்டபத்தில், மகன் பஸ்ரியனுக்கு ஊர் வைத்த பாராட்டுக் கூட்டத்திலே, யாகப்பர் ஒலிவாங்கியைப் பிடித்து இப்படி முழங்கினார். எழுந்த சிரிப்புக்குக் கரையில் கட்டியிருந்த வள்ளங்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு இராமேஸ்வரம் போகாததுதான் புதுமை. மூன்றாம் வகுப்போடு கடலில் இறங்கிய மனிதர்!

பஸ்ரியன் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

முன்வரிசையில் இருந்து, வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டி செபமாலை எழும்பினார். "யாகப்பரண்ணை, நீங்கள் சொல்லிச் சொல்லியே பாதி ஊர் நம்பியிட்டுது. உங்கடை மகன்தான் 'அப்பா பகிடி விடுறார்' எண்டு திரியிறார். இண்டைக்கு ரெண்டிலை ஒண்டு தெரியவேணும். ஆர் புளுகன்?"

"அவனையே கேளுங்கோ," என்றார் யாகப்பர்.

பஸ்ரியனுக்கு வியர்த்தது. வினை, போன நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தபோது அவன் விட்ட ஒரு சொல். "அப்பா, கதிரை ஒண்டுதான் கிடக்கு. நானும் நவரத்தினமும் அதுக்கு அடிபடுறம்." பேராசிரியர் பதவியைப் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். யாகப்பருக்கு அது தெரியுமா? இவ்வளவு படித்த இரண்டு பேருக்கு இருக்க ஒரேயொரு கதிரையா என்று மனிதருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

நேர்முகப் பரீட்சையன்று, பஸ் கூரையில் கட்டி, ரயிலில் ஏற்றி, மிச்சத் தூரம் தலையில் சுமந்து, தூக்கினால் ஒரு யானைக்கே முதுகு பிடித்துக்கொள்ளக்கூடிய முதிரை மரச் சாய்மனைக் கதிரையோடு பரீட்சை அறை வாசலில் வந்து நின்றார். சாரத்தில் மீன் செதில், முகத்தில் கலியாணக் களை.

"தம்பி, இனி நீ ஒருத்தரோடையும் அடிபடத் தேவையில்லை!"

உள்ளே இருந்த பேராசிரியர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்கள். "ஆர் இவர்?" என்றார் தேர்வுக்குழுத் தலைவர்.

பஸ்ரியனின் நாக்கு அவனைக் கேட்காமலே புரண்டது. "தளபாடம் விக்கிறவர், சேர்."

யாகப்பர் மகனை ஒருதரம் பார்த்தார். பிறகு துவாயால் கதிரையைத் துடைத்தார். "ஓம் ஐயா, யாவாரிதான். கால் ஆடாது, பாருங்கோ." இருந்தும் காட்டினார்.

தலைவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பிடியே இருங்கோ, பிறகு விலை பேசுவம்."

மகன் சொன்ன ஒவ்வொரு விடைக்கும், ஒரு சொல்லும் விளங்காமலே, சாய்ந்திருந்து தலையாட்டினார் யாகப்பர். முடிந்ததும், "விலை வேண்டாம் ஐயா, இந்தத் தம்பி இதிலை இருக்கட்டும்," என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பதவியும் கிடைத்தது.

ஊருக்கு அவர் எல்லாம் சொன்னார், யாவாரிக் கதையைத் தவிர. உங்களை எப்படி உள்ளே இருத்தினார்கள் என்று கேட்டவர்களுக்கு, "பஸ்ரியன்ரை தகப்பனெண்டு மரியாதை," என்றார்.

அந்தப் பொய்தான் பஸ்ரியனைச் சுட்டது. எழுந்துபோய்த் தகப்பனிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினான்.

"என்ரை தகப்பனெண்டு அவரை இருத்தேல்லை. நான் அவரை யாவாரி எண்டு சொன்னனான்." தகப்பன் பக்கம் திரும்பினான். "ஆனா, ஓம், அப்பா எனக்கு முதல் அந்தக் கதிரையிலை இருந்தவர்."