ஒன்பது ‘அ’

1969இல் சேலையூர் சர்ச் ஹாலில் சனிக்கிழமைதோறும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மனச்சோர்வு ரத்தத்தில் ஊறுகிறதா, நினைப்பில் ஊறுகிறதா என்று கண்டுபிடிக்க வந்தவர் டாக்டர் ஜெயசீலி. ஒவ்வொரு நோயாளிக்கும் அதே வயதில், அதே தெருவில், சுகமாயிருக்கிற ஒருவரை ஒப்பிட்டுப் பார்க்க ஜோடி சேர்ப்பது அவர் முறை. ரயில்வே ஃபிட்டர் துளசிங்கம் ஒன்பதாம் நம்பர் நோயாளி. பக்கத்துப் போர்ஷன் டிராயிங் மாஸ்டர் ஐசக் அவருக்கு ஜோடி. நம்பர் ஒன்பது ‘அ’.

அந்த ‘அ’ முதல் நாளே ஐசக்கை உறுத்தியது. தனக்கென்று ஒரு முழு நம்பர்கூடக் கிடையாதா?

அதையாவது பொறுத்திருப்பார். துளசிங்கத்திடம் டாக்டரம்மா ஒரு மணி நேரம் பேசினார். கனவில் என்ன வரும், சின்ன வயதில் எதற்கெல்லாம் அழுதார், எல்லாம் கேட்டார். ஐசக்குக்கு ஐந்தே நிமிடம்.

“தூக்கம் வருதா சார்?”

“வருது. ஆனா சின்ன வயசுல எங்கப்பா என்னை...”

“குட். பசிக்குதா?”

ஐம்பது வயது வரை யாரும் கேட்காத அப்பா கதை தொண்டையிலேயே நின்றது. வீட்டுக்கு வந்தால், மனைவி ஹில்டா ஆட்டுக்கால் சூப்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். “பாவம், மனசு சரியில்லாதவரு. துளசிங்கத்துக்குக் கொடுத்துட்டு வாங்க.”

மூன்று மாதம். ஐசக்குக்குத் தூக்கம் போயிற்று. வயிற்றெரிச்சலின் சூட்டில், கட்டிலுக்கடியில் ஹில்டா வைத்திருந்த முட்டைகள் அடைகோழி இல்லாமலே பொரிந்தன. அந்தக் குஞ்சுகளைப் பார்த்தவர்கள் சேலையூர் கேம்ப் ரோட்டில் இன்னும் இருக்கிறார்கள். தூக்கமில்லை என்று டாக்டரிடம் சொல்லலாம்தான். ஏன் என்று கேட்டால்? துளசிங்கத்தின் நோய்மேல் ஆசை என்றா சொல்வது?

ரத்தத்தில் ஊறும் சோர்வு சிறுநீரில் தெரியுமாம்; அந்தப் பரிசோதனைக்கு ஒரு முழு நாளின் சிறுநீரை ஜாடியில் பிடித்துத் தரவேண்டும். சனிக்கிழமை காலை இரண்டு ஜாடிகளும் பொதுக் குளியலறைத் திண்டில், கழுத்தில் நம்பர் சீட்டோடு நின்றன. ஐசக் சீட்டுகளை மாற்றிக் கட்டினார். இனி துளசிங்கத்தின் சோர்வு முழுக்கத் தன் பேரில் ஏறும்!

அடுத்த சனிக்கிழமை டாக்டர் ஐசக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மாஸ்டர், இவ்வளவு நிம்மதியான உடம்பை நான் பார்த்ததே இல்ல. இனிமே நீங்க வரவே வேண்டாம்.”

“அப்போ துளசிங்கம்?”

“அவருக்குத்தான் ரொம்ப மோசம். இனி ரெண்டு மணி நேரம் பேசணும்.”

ஐசக்குக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதம் பேசிப் பேசி, சூப்பும் குடித்து, துளசிங்கம் தேறிவிட்டிருக்கிறார். மோசமான ஜாடி தன்னுடையது.

“டாக்டர், சீட்டை மாத்திக் கட்டினது நான்தான்!”

டாக்டர் கண்ணாடி நழுவும்வரை சிரித்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதினார்.

“என்ன எழுதுறீங்க?”

“நகைச்சுவை உணர்வு, மிக நன்று.”

வெளியே பெஞ்சில் துளசிங்கம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். “இன்னா மாஸ்டரே, மூஞ்சி ஒரு மாதிரி கீது? எனக்கு ஒடம்பு ஷோக்காத்தான் கீது. இந்தம்மா ரெண்டு மணி நேரம் பேசணும்னு பேஜார் பண்ணுது. சொல்றதுக்குக் கதையே தீந்துபூச்சு. உங்ககிட்ட எதுனா கீதா?”

ஐசக் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

“எங்கப்பா கதை ஒண்ணு இருக்கு. ஆனா யாரோட அப்பான்னு டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும்.”