ஆறு பேருக்கும் ஒரே அழுகை

ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவின் தட்டச்சருக்கு அலுவலகத்தில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். மீட்டு வரப்படுகிறவர்களின் வாக்குமூலத்தை அவர்தான் கணினியில் ஏற்றுவார். மற்றவர்கள் அரை நாள் மாரடிக்கிற வேலையை, வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. பதினோரு வருட அனுபவத்தைப் பிழிந்து ஒரு பத்தி தயார் செய்து சேமித்து வைத்திருந்தார். யார் வந்தாலும் பெயர், வயது, ஊர் மூன்றையும் மாற்றினால் போதும்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்யா" என்பார், கேட்கிறவர்களிடம். மனிதர்கள் எல்லாம் ஒரே பானையில் வெந்தவர்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தால் யார்தான் கேட்பார்கள்?

கேட்கிற ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்து சேர்ந்தாள். எட்டு மாதத்துக்கு முன், ஓட்டல் விரிப்புகள் வெளுக்கிற சலவை ஆலை ஒன்றிலிருந்து ஆறு பெண்களை மீட்டார்கள். அவர்களில் ஒருத்தி. அன்றிலிருந்து அரசுக் காப்பகத்தில் இருக்கிறாள். முதலாளி ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அதை ரத்து செய்யச் சொல்லும் மனு மறுநாள் காலை விசாரணைக்கு வருகிறது. அதற்கு அவளுடைய புது வாக்குமூலம் மாலைக்குள் வேண்டும்.

எக்ஸ்பிரஸ் வழக்கம்போல் பத்தியைத் திறந்தார். பெயரை அடித்துவிட்டுப் படித்துக் காட்டினார். "கதறி அழுதேன். எனக்கு நேர்ந்த கொடுமையை யாரிடமும் சொல்ல இயலாமல் தவித்தேன்..."

"நிறுத்துங்க சார்" என்றாள் அவள். "இதைத்தான் அன்னைக்கும் எழுதினீங்க."

"ஆமாம்மா. அதுக்கென்ன?"

"கோர்ட்ல அவனோட வக்கீல் ஆறு பேர் வாக்குமூலத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துப் படிச்சாரு. 'ஆறு பேரும் ஒரே மாதிரி கதறுறாங்களே, யாரு சொல்லிக் குடுத்த பாட்டு இது?'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அப்புறம் வெளிய விட்டுட்டாங்க."

சாட்சி நிற்கவில்லை என்று மட்டும்தான் அவர் காதுக்கு வந்திருந்தது. கிடைத்த சாட்சி அவ்வளவுதான் என்று நினைத்து அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டவர் அவர். இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பத்தியை அழித்தார். திரை வெறுமையாக நின்றது.

"நீ சொல்லும்மா. நீ சொல்றதை மட்டும் அடிக்கறேன்."

"நான் அழவே இல்ல சார். முதல் நாள் வெளிப்பக்கம் பூட்டுறப்போ சிரிச்சேன். விளையாடுறாங்கன்னு நினைச்சேன்."

பக்கத்து மேசை அதிகாரி அம்மாள் தலை நிமிர்ந்தார். "சிரிச்சேன்னு போட்டா கேஸ் நிக்குமா, எக்ஸ்பிரஸ்?"

"அழுததுதான் நிக்கலையே மேடம்" என்றார் அவர், அடித்துக்கொண்டே.

அவள் சொல்லச் சொல்ல இரண்டு விரலால் அடிக்கிற புது ஆள் போல் மெதுவாக அடித்தார். வெள்ளைச் சாயம் அடித்த சன்னல். தேய்க்கிற உருளையில் சுட்டுக்கொண்ட தங்கையின் ஆள்காட்டி விரல். மீட்பு நடப்பதற்குப் பத்து நாள் முன்னால் அந்தத் தங்கையை மட்டும் முதலாளி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது.

"எங்க கொண்டுபோனான்னு தெரியுமா?"

"பஸ் டிப்போவுக்குப் பின்னாடி அவனுக்கு இன்னொரு ஷெட் இருக்குன்னு டிரைவர் வாய் தவறிச் சொல்லிட்டாரு. நாங்க வெளிய வர்ற வரைக்கும் அங்க வெளுத்த விரிப்பு தேய்க்கறதுக்கு எங்ககிட்டதான் வரும். ஒரு முனைய மட்டும் உள்ள மடிச்சு அனுப்புவா. வீட்ல அவ அப்படித்தான் மடிப்பா, அம்மாகிட்ட திட்டு வாங்குவா. அதப் பாத்தா உயிரோட இருக்கான்னு அர்த்தம்."

அதிகாரி அம்மாள் எழுந்து வந்துவிட்டார். "இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

அவள் எக்ஸ்பிரஸைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. "சொன்னேன் மேடம். சார் அடிக்கல."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. அன்று அவள் ஏதோ துணி மடிப்பது பற்றிப் பேசியது மங்கலாக நினைவிருந்தது. பத்தியில் அதற்கு இடம் இல்லை. டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது.

அதிகாரி அம்மாள் அதற்குள் தொலைபேசியில் ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். வாக்குமூலம் மாலையே போனது. மறுநாள் ஜாமீன் ரத்தானது. அதே காலையில் டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஷெட்டைத் திறந்து நான்கு பேரை அழைத்து வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தங்கைக்காரி அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். பத்தொன்பது வயது. இரண்டு கையிலும் கட்டு. எக்ஸ்பிரஸ் டீயை ஓரமாகத் தள்ளி வைத்தார். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவசரமே இல்லம்மா. எதுலேர்ந்து வேணும்னாலும் ஆரம்பி."

அந்தப் பெண் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அக்கா வெளிய வந்து எட்டு மாசமாச்சாமே. நான் எங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியுமே. அப்புறம் ஏன் சார் இவ்வளவு நாள் யாரும் வரல?"

அவள் கேட்டதை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தார். பதில் சொல்லத் தட்டச்சருக்கு அந்தத் தாளில் இடமில்லை. அதனால் வாயால் சொன்னார்.

"என்னாலதாம்மா."