குரல் எட்டும் தூரம்

தருண்குமார் உருட்டிய பகடையில் இரண்டு விழுந்தது. சனிக்கோளின் நிலவு ஒன்றில், தெர்மாகோல் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்த பிளாஸ்டிக் வீரர்களை ஒவ்வொருவராகக் குப்புறப் படுக்க வைத்தான்.

"முடக்கம். அடுத்த சுத்து வரைக்கும் இவங்க நகரக் கூடாது."

"அடுத்த சுத்துல தானா எந்திரிச்சிடுவாங்களா? அவ்ளோதானா பயம், குரு?" என்றான் பரத்வாஜ், மிக்சரை அள்ளியபடி.

இருவருக்கும் பெங்களூர் ஹெப்பாளில் ஒரே கம்பெனி, ஒரே பஸ்; பேச்சில் 'குரு', 'மாராயா' என்று கன்னடமும் கலந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தருணின் சாப்பாட்டு மேஜைதான் போர்க்களம். சொந்தமாக ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிக்கும் கவசத்துக்கும் விண்கலத்துக்கும் விதி எழுதியாகிவிட்டது. பயத்துக்குத்தான் விதி சரியாக அமையவில்லை.

"பயந்தவன் எங்கீங்க தானா எந்திரிப்பான்?" சமையலறையிலிருந்து தருணின் மனைவி பூங்குழலி கேட்டாள். அவளுக்குச் சொந்த ஊர் கோபிநத்தம், வீட்டை ஒட்டியே காடு. காலையில் லேஅவுட் வாட்ஸ்அப் குழுவில் சிறுத்தையின் கால்தடம் என்று ஒரு படம் வந்திருந்தது. நாயின் தடம் என்று பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கூர்ல சிறுத்தையக் கண்டா, வெளிய இருக்கறவங்க ஓட மாட்டாங்க, கத்தவும் மாட்டாங்க. அப்படியே நின்னுக்குவாங்க. ஊட்டுக்குள்ள இருக்கறவங்கதான் தட்டத் தட்டிச் சத்தம் போடோணும். அது மெரண்டு போனதும் இவங்க உள்ள வந்துருவாங்க."

"உள்ள இருக்கறவன் சத்தம் போடலைன்னா?" பரத்வாஜ் கேட்டான்.

"அதெப்படிங்ண்ணா போடாம இருப்பான்? கட்டுனவனாச்சே!"

தருண் துள்ளிக் குதித்தான். லேப்டாப்பில் உடனே தட்டினான்: தலைவனின் குரல் எட்டும் தூரத்தில் இருந்தால், முடங்கிய அணி எழும். "கண்டிப்பா இதுதான், குரு! இத்தனை நாளா எங்கெங்கயோ தேடிட்டிருந்தோம்."

"தலைவனுக்கும் பயம் வருமே? அவனுக்குப் பகடை உருட்ட வேணாமா?" என்றான் பரத்வாஜ்.

"அவனுக்கு எதுக்கு மாராயா? அவன்தானே தலைவன்!"

வெளியே வானம் இருண்டு இடித்தது. துணியை எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டுப் பூங்குழலி பின்கட்டுக்குப் போனாள். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. நடுக் குரைப்பில் சட்டென்று நின்றது.

அந்த அமைதிதான் தருணை எழுப்பியது. பின்வாசல் வரை போனான்.

கொடிக்கயிற்றின் கீழே, ஒரு போர்வையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். எதிரே மதில்மேல் அது இருந்தது. அவன் நினைத்திருந்ததைவிடச் சிறியது. பெரிய நாய் அளவுதான். ஆனால் தோலுக்கு அடியில் தோள் எலும்புகள் மெல்ல ஏறி இறங்கின. அவள் தலையைத் திருப்பவில்லை. கண்களை மட்டும் வாசல் பக்கம் நகர்த்தி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. பஸ் வரும் என்று தெரிந்து நிறுத்தத்தில் நிற்பவளைப் போலக் காத்திருந்தாள்.

என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் தட்டுகள் அடுக்கியிருந்தன. வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை. நாக்கு யாருடையதோ போல வாய்க்குள் கிடந்தது.

சிறுத்தை முன்னங்கால்களை மதிலிலிருந்து கீழே இறக்கியது.

அவன் உடம்பில் ஒரே ஓர் உறுப்புதான் வேலை செய்தது. கை. அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டது.

சின்னச் சத்தம்தான். அவளுக்கும் கேட்டிருக்கும்.

"என்னாச்சு குரு? பூங்குழலி எங்க?"

தருண் கதவைக் காட்டினான். பரத்வாஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். ஓடிப்போய் மிக்சர்த் தட்டைக் கவிழ்த்து எடுத்துவந்து, கரண்டியால் ஜன்னல் கம்பியோடு சேர்த்து அடித்தான். வாய்க்கு வந்தபடி ஊளையிட்டான். அழுகிறானா கத்துகிறானா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தேவம்மா "சிரத்தே! சிரத்தே!" என்று சிறுத்தையைக் கன்னடத்தில் சொல்லி அலறியபடி எதையோ தட்டத் தொடங்கினாள். பரத்வாஜ் தட்டை எறிந்துவிட்டு வந்து, கதவோடு ஒட்டி நின்ற தருணைத் தோளால் இடித்துத் தள்ளித் தாழ்ப்பாளை இழுத்தான்.

அவள் உள்ளே வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"மதில் தாண்டிப் போயிருச்சுங்ண்ணா," என்றாள் பரத்வாஜிடம். "கதவச் சாத்துங்க."

அவன் சாத்தினான்.

"பூங்குழலி..." இப்போது தருணுக்குக் குரல் வந்தது. நன்றாகவே வந்தது.

அவளை நோக்கி ஓரடி வைத்தான். அவள் ஓரடி பின்னால் போனாள். இன்னோர் அடி வைத்தான். அவள் முதுகு கதவில் முட்டியது. போர்வையை நெஞ்சிலிருந்து கழுத்துவரை உயர்த்திக்கொண்டு, சத்தமில்லாமல், அசையாமல் நின்றாள். கண்கள் அவன் கைகளை விட்டு நகரவில்லை.