எல்பியோ சொன்ன முடிவு

மொந்தேவிதேயோ துறைமுகச் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எல்பியோவுக்குத் தினமும் ஒரு படம் பார்த்தாக வேண்டும். பார்த்த படத்தை மறுபடி பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது. "ஒரு தடவை பாத்தா மண்டையில உக்காந்துக்கும்" என்பார். வீட்டில் அவர் ஒருவர்தான். தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் ஐரிஸிடம் பேசினால்தான் அன்றைக்குப் பேச்சு.

ஜூலையில் ஒரு மழைநாள். அரங்கில் ஏழெட்டுப் பேர். படம் முடியப் போகிற நேரத்தில் பக்கத்து இருக்கை அம்மாளின் போன் அடித்தது. குனிந்தபடியே வெளியே ஓடியவள், விளக்கு போட்ட பிறகுதான் திரும்பி வந்தாள்.

"ஸ்பெயின்லேருந்து பொண்ணு. எடுக்காம இருக்க முடியல. நாளைக்கும் இதானே ஓடுது? நீங்களும் வாங்களேன், சேர்ந்து பாப்போம்."

"ஒரு படத்த நான் ரெண்டு தடவ பாக்கறதில்லம்மா."

"அடேயப்பா! அப்ப முடிவையாவது சொல்லுங்க."

எதிர்க்கடையில் காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்பியோ கடைசிக் காட்சியைச் சொல்லத் தொடங்கினார். பூட்டிய வீட்டு வாசலில் அக்கா பெட்டியோடு நிற்கிறாள். தம்பி மழையில் ஓடிவருகிறான். பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கிறான். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். காப்பி ஆறிப்போனது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானே பாத்திருந்தாகூட இவ்வளவு நல்லா இருந்திருக்காது." பெயர் ஸுல்மா என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் அதே படத்துக்கு டிக்கெட் கேட்டார்.

"எல்பியோ ஐயா, உடம்பு சரியில்லையா? நேத்து பாத்ததாச்சே!" என்றாள் ஐரிஸ்.

"தெரியும். குடு."

ஸுல்மா வரவில்லை. முடிவைத்தான் கேட்டாயிற்றே, எதற்கு வருவாள்? பாதிப் படத்தில்தான் அது அவருக்கு உறைத்தது. எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. மழை பெய்தது. தம்பி வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் நின்றாள், பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். அவ்வளவுதான் படம்.

விளக்கு போட்ட பிறகும் எல்பியோ இருக்கையை விட்டு எழவில்லை. ஓடிவந்தவன் எந்தப் படத்துத் தம்பி? இத்தனை வருஷமாக மண்டையில் உட்கார்ந்திருப்பதில் எது பார்த்தது, எது தானாகச் சேர்த்தது? கேட்டுப் பார்க்கலாம் என்றால், எல்லாமே தனியாகப் பார்த்தவை.

வெளியே வந்து ஐரிஸிடம் கேட்டார். "நேத்து என்கூட வெளியே போனாங்களே, அந்தம்மா இன்னைக்கு வந்தாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அவங்ககிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்."

"என்ன, வயசையா?" ஐரிஸ் சிரித்தாள். அவரும் சிரித்துவைத்தார்.

அந்தப் படம் புதன்கிழமை வரை ஓடியது. ஒவ்வொரு நாளும் ஸுல்மா வருகிறாளா என்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, மணி அடித்த பிறகு உள்ளே போனார். புதன்கிழமை வேறு யாருமே வரவில்லை. அவர் ஒருவருக்காகப் படத்தை ஓட்டினார்கள்.