இருவருக்கும் வாழ்த்து

சபை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவள் மூன்று பேரை ஒருவராக்கினாள். ஞானஸ்நானத்தின்போது ஒரு தடவை, கல்யாணத்தின்போது ஒரு தடவை, கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தபோது ஒரு தடவை என்று ஒரே மனிதர் கணினியில் மூன்று இடத்தில் குடியிருந்தார்.

"ஒருத்தரே மூணு பேரா இருக்கறது ஆண்டவருக்கு மட்டும்தாம்மா பொருந்தும்" என்று போதகர் சிரித்தார்.

அன்றிலிருந்து அங்கத்தினர் விவரம் முழுவதும் அவள் பொறுப்பு. வீடு மாறியவர்கள், தொலைபேசி எண் மாறியவர்கள், கண்ணை மூடியவர்கள் எல்லாரையும் உடனுக்குடன் திருத்துவாள். திருத்தின பிறகும் மனசு ஆறாது. பூட்டின பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல மறுபடி திறந்து பார்ப்பாள். பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்துகளை அந்தந்த நாள் காலையில் கணினியே எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிடும். அதில் அவளுக்கு வேலையில்லை.

அந்த வருடம் கமிட்டி ஒரு பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தது. தக்க காரணம் இல்லாமல் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு இரண்டு வருடம் வராதவர்கள் பெயரை நீக்கிவிட வேண்டும். நீக்கப்பட்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. நீக்க வேண்டியவர்கள் பட்டியலைக் கணினி ஒரு நொடியில் துப்பியது. அதில் அவளுடைய அப்பாவும் இருந்தார்.

அம்மா அந்தத் தோட்டத்தில்தான் மதிலோரமாகப் படுத்திருக்கிறாள். அடக்கம் முடிந்த அன்று, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, பக்கத்தில் இருந்த வெறும் தரையைக் காலால் தட்டிக் காட்டி, "இந்த சீட்டு எனக்கு, யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்று குழி வெட்டுபவரிடம் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

கமிட்டிச் செயலாளர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். 'கடைசியா ஒரு வார்த்தை' என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவதால், இளைஞர்கள் அவருக்கு 'கடைசி வார்த்தை' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"உங்கப்பாவுக்கு முட்டி வலிதானே? உடம்பு சரியில்லைன்னு காரணம் போட்டுடும்மா. யாரு கேக்கப் போறா?"

"அவர் தினமும் கடைத்தெரு வரைக்கும் நடக்கிறாரு அங்கிள். போன வாரம் தையல்காரர் தம்பிக்கு இதே மாதிரி போடச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன்."

"சரி, கடைசியா ஒரு வார்த்தை. அவரை வர்ற ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வந்துடு. பேரு தப்பிச்சிடும்."

சாயங்காலம் வீட்டில் அப்பா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

"முட்டி வலிக்குது பாப்பா."

"கடைக்குப் போறப்ப வலிக்காத முட்டி, கோயிலுக்குன்னா மட்டும் வலிக்குமா?"

"முட்டிக்கு என்ன தெரியும்? அது பாமரன்."

"வெளையாடாதீங்கப்பா. பேரை எடுத்துட்டா அம்மா பக்கத்துல இடம் கிடைக்காது. உங்களைக் கொண்டுபோய் எங்க வைப்பேன்?"

அப்பா பூண்டைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வெகுநேரம் விரலால் தள்ளித் தள்ளி, எதையோ தேடிப் பிடித்து அவளிடம் நீட்டினார்.

'இன்று திருமண நாள் காணும் உங்கள் இருவருக்கும் சபையின் வாழ்த்துகள். இருவரும் ஜோடியாக ஆராதனைக்கு வந்து ஆசீர்வாதம் பெற்றுக்கொள்ள அழைக்கிறோம்.'

அம்மா போய் எட்டு மாதம் கழித்து வந்தது. அதற்குக் கீழே, அடுத்த இரண்டு வருடமும் வந்தவை இருந்தன.

"முதல் தடவை வந்த அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு இருந்தேன். டிங்குனு வந்துச்சு."

"அப்புறம்?"

"இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டேன்." கொஞ்ச நேரம் தோலைப் பொறுக்கினார். "அடக்கத்துக்கு அத்தனை பேரு வந்தீங்களேடா, அவ செத்தது கூடவா மறந்துபோச்சுன்னு அப்படி ஒரு கோவம். நீதான் இதையெல்லாம் பாக்குறவன்னு ராத்திரிதான் உறைச்சுது. அதுக்கப்புறம் கோவப்படவும் முடியல, போகவும் முடியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"என்னன்னு சொல்ல? ஊருக்கெல்லாம் ஒழுங்கா எழுதுற, உங்கம்மாவை மட்டும் விட்டுட்டியேன்னா?"

அவள் மறக்கவில்லை. விடுப்பு முடிந்து போன முதல் நாளே கணினியில் அம்மாவின் பக்கத்தைத் திறந்தாள். படத்தில் அம்மா, கேமராக்காரனிடம் 'சீக்கிரம் எடுப்பா, அடுப்புல பால் இருக்கு' என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் செய்யலாம் என்று மூடினாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். எல்லாருடைய சாவையும் அன்றன்றே எழுதின கை, இந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. மற்றவர்கள், அவள் அப்போதே எழுதியிருப்பாள் என்று இருந்துவிட்டார்கள்.

"நான் வரேன்" என்றார் அப்பா. "ஆனா முதல்ல அவ கணக்கை நேர் பண்ணு. இன்னொரு தடவை அது வந்தா என்னால தாங்க முடியாது."

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை. 'நிலை' என்ற கட்டத்தில் 'மரணம்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். தேதி கேட்டது. அடித்தாள். 'இதனால் குடும்பத்தில் இன்னொருவருடைய விவரமும் மாறும். தொடரலாமா?' என்று கேட்டது. தொடர்ந்தாள். அம்மாவின் படம் சாம்பல் நிறமானது. அப்பாவின் பக்கத்தில் 'மணமானவர்' என்றிருந்த இடத்தில் 'மனைவியை இழந்தவர்' என்று வந்து உட்கார்ந்தது. அவள் வழக்கம்போல மறுபடி திறந்து சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மேஜையில் தலையை வைத்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அம்மா உட்காரும் இடத்தைக் காலியாக விட்டு அதற்கடுத்து உட்கார்ந்தார். திருவிருந்துக்கு எழுந்து போய்வந்தார். நீக்க வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயர் வெளியே வந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார் கடைசி வார்த்தை.

சில மாதம் கழித்து அப்பா அம்மாவின் திருமண நாள் வந்தது. அவள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, அப்பா போனை மேஜையில் வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒருமுறை எடுத்து, அது உயிரோடுதான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். தட்டில் வைத்த தோசை ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஒண்ணும் வரலை போல."

"வராதுப்பா" என்றாள் திரும்பாமல்.

"ம்." அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். "சரியாப் பண்ணிட்ட பாப்பா. ரொம்பச் சரியாப் பண்ணிட்ட."