முதலில் அவிழ்த்தது

குத்துச்சண்டைக்காரனுக்கு அடைபட்டிருப்பது புதிதல்ல. நான்கு பக்கமும் கயிறு, மூன்று நிமிஷத்தில் மணி, அவ்வளவுதான். கொம்பையாவுக்கோ மூன்று மாதமாக மணியே அடிக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் எட்டுப் பேர் படுக்கும் அறையிலும் மூச்சு முட்டியது, வல்லம் வடகால் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் முன்னால் நின்றாலும் முட்டியது.

அந்த மெஷினுக்கு இரண்டு பச்சைப் பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலேயிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாதென்று செய்த ஏற்பாடு. ஆனால் டார்கெட் என்று ஒன்று இருக்கிறதே! ஒரு பட்டனைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கை மிச்சம், வேலை மளமளவென்று ஓடும். லைனில் எல்லோரும் செய்வார்கள். சூப்பர்வைசர் யாக்கோபுவுக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து அவர் கண் கூரையைப் பார்க்கும்.

கொம்பையா கட்டியது, குத்துச்சண்டைக்குக் கையில் சுற்றும் பட்டைத் துணியால். மூன்று மாதம் முன்பு ஒருநாள் ஷிப்ட் முடிந்து பயிற்சிக்குப் போகிற அவசரத்தில் அவிழ்க்க மறந்தான். கேட் வரை போனபின் நினைவு வந்து திரும்பி ஓடினான். அதற்குள் அடுத்த ஷிப்ட் மணிகண்டபிரபு அந்த மெஷினில் நின்றிருந்தான். தூத்துக்குடியில் ஒன்றாகக் குத்து வாங்கி வளர்ந்தவன், ஒரே அறைக்காரன். இடது கையால் தகட்டை நேராக்கிக்கொண்டே வலது கையைப் பட்டனில் வைத்தான். இரும்பு இறங்கிவிட்டது. எதிராளிகளைக் கிறங்கடித்த அந்த இடது கையில் மூன்று விரல்கள் போயின.

முதலில் போய்ச் சேர்ந்தவன் கொம்பையாதான். ஆனால் பாவி, முதலில் துணியை அவிழ்த்துப் பையில் திணித்தான். அதற்கப்புறம்தான் நண்பனைத் தூக்கினான்.

மெஷினில் கோளாறில்லை, மணிகண்டபிரபுதான் முழங்கையால் பட்டனை அழுத்தியிருக்கிறான் என்று கம்பெனி எழுதியது. திங்கட்கிழமை கடைசி விசாரணை. தப்பு அவனுடையது என்று முடிவானால் வேலை போய்விடும்.

அதற்கு முந்தைய ஞாயிறு ஒரகடத்தில் கம்பெனிகளுக்கிடையே குத்துச்சண்டை. ஜெயித்தால் கொம்பையாவுக்கு நிரந்தர வேலை. துணி சுற்றிவிட மணிகண்டபிரபுவே வந்தான். வலது கையோடு, இடது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலாலும் பல்லாலும் இழுத்து இழுத்துச் சுற்றினான். துணியில் கிரீஸ் கறை மங்கலாகத் தெரிந்தது.

"துவச்சும் போகலையோல?" என்றான்.

கொம்பையா கையை இழுத்துக்கொண்டான். "ஏம்ல, உனக்குத் தெரியுமா?"

"நீ மொதல்ல எதப் பிடிச்சேன்னு நான் கீழ கெடந்து பாத்துக்கிட்டுத்தாம்ல இருந்தேன்."

"பெறவு ஏம்ல சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். நாளைக்குத் திங்கக்கெழம."

மைக்கில் கொம்பையாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் கயிற்றுக்குள் ஏறவில்லை. மேனேஜரும் யாக்கோபுவும் உட்கார்ந்திருந்த முன்வரிசைக்குப் போய், சுற்றிய துணியைக் கடகடவென்று அவிழ்த்து மேஜையில் வைத்தான்.

"சார், அன்னைக்கு பட்டனக் கட்டுனது நான். இந்தத் துணிதான். மணிகண்டபிரபு மேல தப்பில்ல."

யாக்கோபு பதறி எழுந்தார். "இன்னாபா, பைத்தியம் புடிச்சிகீதா? மொதல்ல ஜெயிச்சிட்டு வா. அப்பால பேசிக்கலாம்."

"ஜெயிச்சிட்டா எனக்கு வாய் வராது சார்."

மேனேஜர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாக்கோபுவையும் ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்கு விசாரணைல இதையே சொல்லுவியா?" என்றார்.

"சொல்லுவேன் சார்."

கம்பெனிப் பனியனைக் கழற்றித் துணியின் பக்கத்தில் வைத்துவிட்டு வெறும் உடம்போடு திரும்பினான். எதிராளி ஜெயித்ததாக மைக்கில் சொன்னார்கள். கூட்டம் கேலியாக விசிலடித்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவனுக்கு மூச்சு நெஞ்சு வரைக்கும் போய் வந்தது.

"வேல போச்சால?" என்றான் மணிகண்டபிரபு.

"போச்சு."

"ஒரு குத்துகூட வாங்காமத் தோத்தவன் நீ ஒருத்தந்தாம்ல."

கொம்பையா சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. மணிகண்டபிரபு அந்த இரண்டு விரல் கையால் அவன் கழுத்தை வளைத்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் விடாமல் கூட்டிப்போனான்.